புதுப்பிப்பு: குவாத்தமாலா கடிதங்கள், மேலிடத்துக்குத் தெரியுமா?

1946 முதல் 1948 வரை குவாத்தமாலாவில் அமெரிக்க மருத்துவர் ஜான் கட்லர் கைதிகள், சிப்பாய்கள், மனநோயாளிகள் ஆகியோருக்கு ஒப்புதல் பெறாமலே மேகநோயைத் (சிபிலிஸ்) தொற்றச் செய்தது பற்றி முன்பு எழுதியிருந்தேன். அமெரிக்கக் கறுப்பின ஆண்களின் மேகநோயைச் சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்த டஸ்கீகி ஆய்வின் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருந்த வரலாற்றாசிரியர் சூசன் ரெவர்பி, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் காப்பகத்தில் கட்லரின் தாள்களுக்குள் இதைக் கண்டெடுத்தார். மேலிடத்துக்குத் தெரிந்தா நடந்தது என்று பலர் கேட்டீர்கள்.

தெரிந்தேதான். 1947 பிப்ரவரியில் மலேரியா ஆய்வாளர் கோட்னி கட்லருக்கு எழுதிய கடிதம் ஒன்றே போதும். அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி தாமஸ் பாரனுக்கு இந்த ஆய்வில் ஆர்வம் மிகுதி என்கிறது அது. இப்படியொரு சோதனையை நம் நாட்டில் நடத்த முடியாதே என்று அவர் சொன்னபோது கண்ணில் ஒரு குறும்பு மின்னியதாம். குறும்பு!

மனநோயாளிகள் விஷயத்தில் கட்லரின் மேலதிகாரி அர்னால்டு மட்டும் 1948 ஏப்ரலில் எழுதிய கடிதத்தில் தயங்கினார். அவர்களால் ஒப்புதல் தர இயலாது என்று ஒழுங்காகவே தொடங்குகிறார். அடுத்த மூச்சிலேயே, ஏதாவது நல்லெண்ண அமைப்பின் காதுக்கு எட்டினால் ரகளையாகிவிடும் என்கிறார். மனசாட்சியைவிட அம்பலமாகும் அச்சமே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மனநல மருத்துவமனைக்குக் கிடைத்த கைம்மாறு: குளிர்பதனப் பெட்டி, படம் காட்டும் கருவி, உலோகத் தட்டுகள், குவளைகள். நோயாளிகளுக்கு சிகரெட்.

கட்லரின் தாள்கள் இப்போது அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வசம் உள்ளன; 2011 முதல் இணையத்திலும் படிக்கலாம். அறிக்கைகளை விட்டுவிட்டுக் கடிதங்களிலிருந்து தொடங்குங்கள்.