ஓட்டு கேட்டு வந்தவரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்டிருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேளிமலை அடிவாரம்

2021 தேர்தல். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் இரண்டு ஓட்டு, சட்டமன்றத்துக்கு ஒன்று, எம்.பி. இடைத்தேர்தலுக்கு ஒன்று. அந்த இடைத்தேர்தல் எதனால் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். நம் எம்.பி. வசந்தகுமார் கொரோனாவில் இறந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் தெருவுக்கு ஒரு வேட்பாளர் வந்தார். திறந்த ஜீப், முன்னால் செண்டை மேளம், ஆரத்தித் தட்டோடு பத்துப் பதினைந்து பெண்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கன்வாடி வாசலில் நின்றேன். அவளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது மணல்வாரி வந்து, அது நுரையீரலில் இறங்கி, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தட்டம்மை ஊசியின் முதல் தவணையே ஒன்பது மாதத்தில்தான். அவளுக்குப் போடத் தவறவில்லை, போடும் வயதே வரவில்லை. பக்கத்து டியூஷனில் ஒரு பையனிடமிருந்து வந்தது. அவன் வீட்டில் 2017ல் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி ஊசி போடாமல் விட்டிருந்தார்கள்.

சரி, ஜீப் நின்றது. நான் கேட்டேன்: "அண்ணே, ஸ்கூல்ல சேர்க்கும்போது தடுப்பூசி அட்டை கட்டாயம்னு சட்டம் கொண்டு வருவீங்களா?"

அவர் குனிந்து மகளின் தலையில் கை வைத்தார். "எல்லாருக்கும் இலவசமா ஊசி போட ஏற்பாடு பண்ணுவோம் மக்களே."

"இலவசம் இப்பவே உண்டு அண்ணே. நான் கேட்டது கட்டாயம்…"

மேளம் தொடங்கிவிட்டது. ஜீப் நகர்ந்தது. அவர் கை வைத்த இடத்தில் மகளின் முடியில் ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டியிருந்தது. எதிரே கிராம சுகாதார செவிலியர் ஸ்கூட்டியில் காலூன்றி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அந்தப் பார்வைதான் இன்னும் உறுத்துகிறது. "நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன்" என்றா, "ஏன் கேட்டாய்" என்றா, இன்றுவரை தெரியவில்லை.

உங்களில் யாருக்காவது நேரான பதில் கிடைத்திருக்கிறதா?

மணக்குடி அலை

எனக்குக் கிடைத்தது. சட்டமன்றத் தேர்தலில் இல்லை, 2022 பிப்ரவரியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில்.

எங்கள் வீட்டில் கட்டாயம் என்ற சொல்லைச் சொன்னது நம் அரசு இல்லை, சவுதி. அண்ணன் லீவில் வந்தவன், 45 தாண்டியவன் என்பதால் 2021 ஏப்ரலிலேயே வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டான். கிடைத்தது கோவாக்சின். அதை அப்போது சவுதி ஏற்கவில்லை, கோவிஷீல்டு என்றால்தான் விடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் கோவாக்சினை ஏற்றதே நவம்பரில். அதற்குள் கம்பெனியில் அவன் இடத்தில் வேறு ஆள். கடற்கரையில் இப்படி எத்தனை வீடு என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும்.

வார்டுக்கு நின்ற ஒரு அக்கா துண்டுச்சீட்டோடு வந்தார். அண்ணன் வலை பிரித்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டான்: "ஊசி கட்டாயம்கிறதுல நீங்க எந்தப் பக்கம்?"

அக்கா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "நான் ரெண்டு ஊசியும் போட்டாச்சு அண்ணே. எல்லாரும் போடணும்னுதான் என் மனசு. ஆனா கட்டாயம்னு சொன்னா இந்தத் தெருவுலயே முப்பது ஓட்டு எனக்கு விழாது. அதனால சொல்ல மாட்டேன்."

அண்ணன் வலையைக் கீழே வைத்துவிட்டு அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னான். எங்கள் வீட்டு நான்கு ஓட்டும் அவருக்குத்தான். தோற்றுவிட்டார்.

மேசை நம்பர் எட்டு

நான் 2021ல் வாக்கு எண்ணிக்கை ஏஜென்ட். மே 2ஆம் தேதி எண்ணிக்கை. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. வேட்பாளரோ ஏஜென்டோ உள்ளே போக வேண்டும் என்றால் தொற்று இல்லை என்ற சோதனை முடிவு வேண்டும், இல்லையென்றால் இரண்டு தவணை ஊசி போட்டிருக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் ஏப்ரல் கடைசியில் உத்தரவு போட்டது. இரண்டு தவணை முடித்தவர் எங்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? 45 வயதுக்காரர்களுக்குப் பொதுவாகத் திறந்ததே ஏப்ரல் 1ல். எல்லோரும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றோம்.

எங்கள் வேட்பாளர் பிரச்சாரத்தில் யார் மேலும் எதையும் திணிக்க விடமாட்டோம் என்று பேசியவர். மேடையில் நானும் கை தட்டினேன். அன்று பள்ளிக்கூட வராந்தாவில் எனக்கு முன்னால் அவர். குச்சி உள்ளே போனபோது பின்னால் கை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி. கை நடுங்கியது. "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று இரண்டு முறை கேட்டார்.

அந்த ஒரு வாரத்தில் அவருடைய மச்சினர் ஆக்சிஜன் படுக்கை கிடைக்காமல் போயிருந்தார். அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

எண்ணி முடிந்து திரும்பும்போது காரில் சொன்னார்: "இனி அப்படிப் பேச மாட்டேன்." அதைப் பொதுவில் ஒருநாளும் சொல்லவில்லை. எனக்கு ஏன் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் என் உறுத்தல்.

தோவாளைச் சந்தை

முதல் பதிவு போட்ட சகோதரிக்கு. உங்கள் பிள்ளைக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது. ஆனால் கட்டாயம் என்று கேட்கும்போது அந்தக் கட்டாயம் யார் கையில் போய்ச் சேரும் என்று பாருங்கள்.

2021 நவம்பரில் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் உத்தரவு வந்தது, பொது இடங்களுக்கு வருகிறவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று. என் அப்பாவுக்கு 74 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். டாக்டர் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருந்தார். ஒரு ரேஷன் கடையில் சர்டிபிகேட் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த உத்தரவில் ரேஷனை நிறுத்தச் சொல்லியிருந்ததா என்று கடைக்காரர் பார்த்திருப்பாரா? அப்பா வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பூச்சந்தை வழியாக நடந்து வந்தார். வழியில் பூக்கடைக்காரர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். யாராவது "என்ன அண்ணாச்சி, அரிசி வாங்கலையா" என்று கேட்டுவிடக் கூடாதே என்று சுற்றுப் பாதையில் வந்ததாக அம்மாவிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஓட்டு கேட்டு வந்தவரிடம் இதைச் சொன்னேன். "மேலிடத்து உத்தரவு, நாங்க என்ன செய்ய" என்றார். மேலிடம் யாருடையது? அவர் கட்சியுடையதுதான்.

2022 மே 2ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போடச் சொல்ல முடியாது, தன் உடல் மீது தனக்கு உள்ள உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று. அதற்குப் பிறகும் கட்டாயம் கேட்பது சரியா? என் இரண்டு பிள்ளைகளுக்கும் எல்லா ஊசியும் போட்டிருக்கிறேன். நான் ஊசிக்கு எதிரி இல்லை. என் அப்பா மடித்த அந்தப் பைக்காகப் பேசுகிறேன்.

ஓய்வு பெற்ற சிஸ்டர்

தோவாளைத் தம்பி, உங்கள் அப்பாவைத் திருப்பி அனுப்பியது தவறு. ஊசி போடுகிறவளாக இருந்தும் சொல்கிறேன். ஆனால் தீர்ப்பைப் பாதி சொல்லக் கூடாது. அது கொரோனா ஊசி பற்றிய வழக்கு. பொது நலனுக்காக அரசு கட்டுப்பாடு வைக்கலாம், அது அளவோடும் காரணத்தோடும் இருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. கொரோனா ஊசி போட்டவரும் பரப்பலாம் என்ற நிலை அப்போது இருந்தது. தட்டம்மை அப்படி இல்லை. அது வந்த ஒருவர், தடுப்பு இல்லாத பன்னிரண்டு முதல் பதினெட்டு பேருக்குக் கொடுப்பார். நூற்றில் 95 பேருக்குப் பாதுகாப்பு இருந்தால்தான் ஏழு மாதக் குழந்தை தப்பும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். 2021 மார்ச்சில் ஒரு புதன், பதினொன்றரை மணிக்கு ஒரு வேட்பாளர் வந்தார். கூட்டம் இல்லை, கொடி இல்லை. மருமகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பதினான்கு வாரக் குழந்தை, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசியின் மூன்றாவது தவணை. மருமகள் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்தான் பிள்ளையை மடியில் வைத்துத் தொடையைப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டதும் பிள்ளை ஒரு நொடி சத்தமே இல்லாமல் வாயைத் திறந்தது, அப்புறம் அழுதது. அவர் கண்ணும் கலங்கியது. "காய்ச்சல் வருமா சிஸ்டர்?" என்றார். "வரும். பாராசிட்டமால் சொட்டு தாரேன், வெந்நீர் ஒத்தடம் வேண்டாம்" என்றேன். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்து போனார்.

அன்று மாலை எங்கள் சந்திப்பில் அவர் கூட்டம். ஊசி பற்றி ஏதாவது பேசுவாரா என்று வேலை முடிந்தும் நின்று கேட்டேன். ரோடு, குளம், ரப்பர் விலை எல்லாம் பேசினார். ஊசி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கட்டாயம் என்று அவர் சொல்ல வேண்டாம். "இன்று காலை என் பேரனுக்குப் போட்டேன்" என்று மைக்கில் சொல்லியிருந்தால் போதும். 2017ல் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி முகாமில் நான் ஒரு வீட்டுக்கு ஐந்து முறை போனேன். ஆறாவது முறை நாயை அவிழ்த்துவிட்டார்கள். கொரோனா ஊசி போட்டிருந்த நடிகர் விவேக் இறந்த வாரத்தில் வரிசையில் நின்றவர்கள் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது ஊசியால் அல்ல என்று மத்தியக் குழு பிறகு சொன்னது. அதற்குள் எத்தனை வாரம் போனது! நம் ஊர் திருவிதாங்கூராக இருந்தபோது, 1813ல், ராணி கௌரி லட்சுமி பாய் காலத்தில் அம்மை குத்து வந்தது. மக்கள் பயந்தபோது அரண்மனையில் முதலில் குத்திக்கொண்டார்கள் என்பார்கள். இருநூறு வருடத்துக்குப் பிறகு நம் வேட்பாளர் புதன்கிழமை பகலில் வந்து போட்டுவிட்டு, மாலையில் பேசாமல் போகிறார்.

குழித்துறை ஆற்றங்கரை

என் கதை சின்னது. நான் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துவிட்டு தினமும் திரும்புகிறவன். 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளாவிலிருந்து வருகிறவர்களுக்குச் சோதனை முடிவு அல்லது இரண்டு தவணை சான்று வேண்டும் என்றார்கள். களியக்காவிளையில் வரிசையில் எனக்கு முன்னால் ஏப்ரல் தேர்தலில் தோற்ற ஒரு வேட்பாளர். "இதுல உங்க நிலைப்பாடு என்ன சார்?" என்றேன். "ஜெயிச்சவங்களைக் கேளுங்க தம்பி" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரும் கேட்கும் முறையிலேயே தவறு இருக்கிறது. ஊசிக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டால் "ஆதரவு, எல்லோருக்கும் இலவசம்" என்று முடித்துவிடுவார்கள். எடப்பாடி பழனிசாமி 2020 அக்டோபரிலேயே எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்துவிட்டார். அதில் கட்சிகளுக்குள் சண்டையே இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது வேறு.

பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் எம்.எல்.ஏ. வேட்பாளர் "அது டெல்லி விஷயம்" என்றால் விடாதீர்கள். தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் 1939ல் வந்தது, அதைத் திருத்தும் அதிகாரம் சட்டமன்றத்துக்குத்தான். எந்த ஊசி, எந்த வயது, எந்த இடத்தில் சான்று கேட்பீர்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மருத்துவக் காரணத்தால் போட முடியாதவருக்கு விலக்கு யார் எழுதிக் கொடுப்பார்? தோவாளை நண்பரின் அப்பாவுக்கு அது ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்திருந்தால் பை வெறுமையாகத் திரும்பியிருக்காது. போட்டதால் பாதிப்பு வந்தால் நஷ்ட ஈடு யார் தருவார்? சான்று இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல் விடுவீர்களா, இல்லை சேர்த்துவிட்டு ஊசி போட நாள் கொடுப்பீர்களா? இரண்டும் கட்டாயம்தான், ஆனால் முதலாவதில் பிள்ளைக்குப் படிப்பு போகும்.

ஜீப்பில் நிற்பவரிடம் கேட்காதீர்கள், மேளம் இருக்கும். காலை ஆறு மணிக்கு டீக்கடைக்கு வருவார்கள், அப்போது கேளுங்கள். ஒரே கேள்வியை எல்லா வேட்பாளரிடமும் கேட்டு, பதிலை அப்படியே எழுதி வையுங்கள். தேர்தல் முடிந்ததும் நிறுத்தாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் இருக்கிறது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை இருக்கிறது. அதில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

வேளிமலை அடிவாரம்

குழித்துறை அண்ணன், இவ்வளவு எழுதியதற்கு நன்றி. டீக்கடைக்குக் காலை ஆறு மணிக்கு நான் போக முடியாது. ஜீப் தெருவுக்கு வந்ததால்தான் கேட்க முடிந்தது. மேளம் அடிக்கும்போது கேட்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் நேரம்.

தோவாளை அண்ணன், அந்தப் பையை நினைத்துக்கொண்டே இருந்தேன். நான் கேட்ட சட்டத்தில் உங்கள் அப்பா மாதிரி ஒருவர் நிற்பார் என்று நான் யோசிக்கவில்லை. அடுத்த முறையும் கேட்பேன், விலக்கு பற்றியும் சேர்த்துக் கேட்பேன்.

சிஸ்டர், ஒன்று கேட்கட்டுமா? அங்கன்வாடி எதிரே ஸ்கூட்டியில் நின்றது நீங்களா?

ஓய்வு பெற்ற சிஸ்டர்

இல்லை மக்களே, நான் மேற்கே மலைப்பக்கம். ஆனால் அந்த மாதிரி நிறைய இடத்தில் நின்றிருக்கிறேன். அரசு வேலையில் இருப்பவள் வேட்பாளர் முன்னால் வாய் திறக்க முடியாது. வேறு யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்போம். அவளும் அதற்குத்தான் பார்த்திருப்பாள்.

உன் மகளுக்கு இப்போது என்ன வயது? அஞ்சு வயசு ஊசி போட்டாச்சா? நிறைய பேர் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.