சாப்பாட்டுக் கடை விமர்சனம், சமையல் குறிப்பு: அச்சுக்குப் போகமுதல் எங்கே பிழை வருகிறது? (அனுபவப் பகிர்வு)

பத்தி எழுதுபவர், வெள்ளவத்தை

காலி வீதியில் புதுக் கடை திறந்தால் முதல் கிழமையே வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும். இரண்டு பேருக்கு மேசை ஒதுக்கியிருப்பார்கள். பில்லைப் பற்றிப் பேச்சே இருக்காது. அப்படிப் போய் எழுதுவது கடை திறந்த செய்தி, விமர்சனம் இல்லை. போனால் "கடையின் அழைப்பில் சென்றோம்" என்பது முதல் பந்தியிலேயே வரவேண்டும். கடைசியில் பொடி எழுத்தில் போடுவது வாசகரை ஏய்க்கிற வேலை.

விமர்சனம் என்றால் வேறு பெயரில் மேசை பிடித்து, பத்திரிகையின் காசில், குறைந்தது இரண்டு தரம் சாப்பிடவேண்டும். ஒன்று கிழமைநாள் மத்தியானம், மற்றது சனி இரவு. அமெரிக்காவில் 1974இல் தொடங்கி 2020இல் கலைந்த உணவு ஊடகவியலாளர் சங்கம், கடை திறந்து ஒரு மாதமாவது பொறுக்கச் சொன்னது. எங்களுக்கும் அது பொருந்தும். திறப்பு வாரத்தில் முதலாளியே குசினியில் நிற்பார். அவர் இல்லாத நாளில் இடியப்பம் எப்படி வருகிறது என்பதுதான் வாசகருக்கு வேண்டியது.

ஒப்புநோக்குநர்

விலை பற்றி ஒரு சேர்க்கை, அண்ணை. மெனுவில் 2,000 ரூபா என்று கிடக்கும் நண்டுக் கறிக்கு அருகில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 வீத சேவைக் கட்டணமும் வரியும் அதற்குள் இல்லை. வற் எனும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். ஆகவே மெனு விலையைப் போடாமல் பில்லின் கடைசி வரியைப் பார்த்து எழுதுங்கோ. திகதி தெரிய பில்லைப் படமெடுத்து வைத்தால், கடைக்காரர் பிறகு மறுக்கும்போது கையில் ஆதாரம் இருக்கும். பக்கத்தை அச்சுக்கு மூடும் நாளில் ஒரு தரம் தொலைபேசியில் விலையைச் சரிபார்க்கவும் வேண்டும்.

செய்திப்பிரிவு, மருதானை

"நேற்றிரவு இந்தக் கடையில் கொத்து ரொட்டி, இன்று காலை வயிற்றோட்டம். கடையின் பெயரைப் போடுங்கோ." ஆசிரியபீடத்துக்கு வரும் முறைப்பாடுகளில் ஆகவும் ஆபத்தானது இதுதான். சொல்பவர் பொய் சொல்வதில்லை. ஆனால் கடைசியாகச் சாப்பிட்டதில்தான் எல்லோரும் பழியைப் போடுவார்கள். ஸ்டஃபிலோகொக்கஸ் என்ற கிருமியின் நச்சு 30 நிமிடத்துக்கும் 8 மணித்தியாலத்துக்கும் இடையில் வாந்தியைக் கொண்டுவரும். வெளியில் வைத்து ஆறிய சோற்றில் பெருகும் பசிலஸ் சீரியஸ், வாந்தி வகையென்றால், 6 மணித்தியாலத்துக்குள். சல்மொனெல்லாவுக்கு 6 மணித்தியாலம் முதல் 6 நாள் வரை போகும். கம்பைலோபக்டருக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 நாள். எனவே இரவு 9 மணிக்குக் கொத்து, மறுநாள் 10 மணிக்குக் காய்ச்சலோடு வயிற்றோட்டம் என்றால், அதற்கு இரண்டு நாள் முந்திய கலியாணவீட்டுப் பிரியாணியையும் விசாரிக்கத்தான் வேண்டும்.

முறைப்பாட்டாளரிடம் முந்திய 72 மணித்தியாலத்தில் சாப்பிட்டது முழுவதையும் நேரத்தோடு எழுதி வாங்குங்கோ. அதே மேசையில் அதையே சாப்பிட்டுச் சுகமாக இருப்பவர் யார் என்றும் கேளுங்கோ. பலரும் விடும் கேள்வி அதுதான். வைத்தியசாலை மலப் பரிசோதனை செய்திருந்தால் அறிக்கையைப் பார்க்கவேண்டும். "உணவு ஒவ்வாமை" என்று துண்டில் கிறுக்கியிருப்பது ஆதாரமாகாது.

பிறகு மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவர் கடையைப் பார்த்தார் என்பது வேறு, மாதிரியில் கிருமி இருந்தது என்பது வேறு. தலைப்பு இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இரண்டு நாள் கழித்து எடுத்த மாதிரி அன்றைய சட்டியில் இருந்ததும் இல்லை. வாய்மொழியாகத் தகவல் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். நாளைய பக்கத்துக்கு அது உதவாது, அடுத்த கட்டுரைக்கு உதவும்.

கடைக்காரருக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பிப் பதிலுக்கு ஒரு முழு நாள் கொடுங்கோ. பக்கம் 7 மணிக்கு மூட, 6 மணிக்கு அழைத்துவிட்டு "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று எழுதுவது அயோக்கியத்தனம். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டதுதான், ஆனால் நட்டஈடு கேட்கும் குடியியல் வழக்குக்கு வழி அப்படியே கிடக்கிறது.

சமையல் பக்கம்

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கறித்தூளில்தான் பிழை வரும். சிங்களச் சமையலின் துனபஹ என்ற கறித்தூளில் மல்லி, சீரகம், பெருஞ்சீரகம் இருக்கும், மிளகாய் சேராது. யாழ்ப்பாணத் தூளில் செத்தல் மிளகாய்தான் முன்னுக்கு நிற்கும். கொழும்புக் குறிப்பொன்றில் 3 மேசைக்கரண்டி கறித்தூளும் 1 மேசைக்கரண்டி மிளகாய்த்தூளும் என்றிருப்பதை அப்படியே போட்டால், யாழ்ப்பாணத் தூள் வைத்திருக்கும் வீட்டில் ஒருவரும் அந்தக் கறியை வாயில் வைக்கமாட்டார்கள். எந்தத் தூள் என்று குறிப்பிலேயே எழுதவேண்டும்.

மேசைக்கரண்டி இங்கே 15 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியப் புத்தகத்தில் 20. "ஒரு தேங்காய்ப் பால்" என்று விடாமல் முதற்பால், இரண்டாம் பால் இரண்டையும் மில்லிலீற்றரில் கொடுங்கோ, தேங்காய் எல்லாம் ஒரே அளவா? குறிப்பை எழுதியவர் அல்லாத ஒருவர், அச்சுப்பிரதியை மட்டும் பார்த்து ஒரு தரம் சமைக்கவேண்டும். "பொன்னிறமாகும் வரை" என்ற இடத்தில் அவர் நின்று கேள்வி கேட்டால் நிமிடக் கணக்கும் போடவேண்டும்.

ஒப்புநோக்குநர்

"சைவம்" என்று எழுதமுதல் சம்பலில் மாசிக் கருவாடு உண்டா, கொத்துத் தட்டில் முன்பு இறைச்சி கொத்தினார்களா என்று கேளுங்கோ. ஹலால் என்றால் சுவரில் தொங்கும் சான்றிதழின் காலாவதித் திகதியைப் பாருங்கோ. இதில் பிழை விட்டால் திருத்தம் அதே பக்கத்தில், பழைய பிழையையும் சொல்லி வரவேண்டும். இணையப் பதிப்பைச் சத்தமில்லாமல் மாற்றாமல், திருத்திய திகதியைக் கட்டுரையின் தலையில் போடுங்கோ.