"அஞ்சே நிமிஷம்": கல்யாணத்துக்குப் பிறகும் கேம் ஆடுறவங்க அனுபவம்

சேலத்துக்காரன், பெல்லந்தூர்:

வயது 35. அஸ்தம்பட்டி பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடித் தொடங்கிய பழக்கம் எனக்கு. அப்பா அடித்துப் பார்த்தார், போகவில்லை. பெங்களூருக்கு வேலைக்கு வந்து, முதல் போனஸில் எஸ்.பி. ரோட்டில் நாலு சனிக்கிழமை அலைந்து, ஒவ்வொரு பார்ட்டாக வாங்கி பி.சி. சேர்த்தேன். கிராஃபிக்ஸ் கார்டு பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

2019 பிப்ரவரியில் கல்யாணம். பெண் பார்க்கப் போன அன்றே, "நான் கேம் ஆடுவேங்க, அது பழக்கம்" என்று சொல்லிவிட்டேன். "என் தம்பியும் ஆடுவான்" என்றாள். இரண்டு பேரும் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். அவள் தம்பி ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா கூப்பிட்டதும் எழுந்து சாப்பிட வருகிற பையன். கூப்பிட்டால் எழ முடியாத கேம் ஆடுகிறவன் நான்.

ஆடாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது. தனியாக ஆடும் கதை கேம் என்றால் எந்த நொடியிலும் நிறுத்தலாம், காத்திருக்கும். 2020 ஜூனில் வந்த வேலொரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் மாதிரி ஆன்லைன் கேமில் நிறுத்தும் பட்டனே உதவாது. அணிக்கு ஐந்து பேர். முதலில் 13 ரவுண்டு ஜெயிக்கிற அணிக்கு மேட்ச். 12-12 ஆகிவிட்டால் ரேங்க் மேட்ச்சில், அதாவது தரவரிசைக்காக ஆடும் மேட்ச்சில், இரண்டு ரவுண்டு வித்தியாசம் வரும்வரை இழுக்கும். முப்பது நிமிடத்திலும் முடியலாம், ஐம்பதும் தாண்டலாம். நடுவில் எழுந்து போனால் மற்ற நாலு பேரும் ஆள் குறைவோடு ஆடித் தோற்பார்கள், நமக்கும் தண்டனை உண்டு. என் ஸ்குவாடில் இருந்த நாலு பேரும் காலேஜ் ஹாஸ்டல் நண்பர்கள். ஒருவன் துபாயில், ஒருவன் ஓசூரில், இரண்டு பேர் சென்னையில். லாக்டவுனில் அவர்களோடு பேசுவதே அந்த ஹெட்செட் வழியாகத்தான். அதனால் எழுந்து போவது நண்பனைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது போலத்தான் எனக்கு இருந்தது.

அவள் கூப்பிடும்போதெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "அஞ்சே நிமிஷம்." ஸ்கோர் 4-3 என்று கண் முன்னால் எழுதியிருக்கும்போதும் அதையேதான் சொன்னேன். அது ஐந்து நிமிடத்தில் முடியாது என்று எனக்குத் தெரியும். கல்யாண வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதிகம் சொன்னது இதைத்தான்.

2020 டிசம்பர், ராத்திரி பத்தரை இருக்கும். அவள் துணி காயப்போட பால்கனிக்குப் போயிருக்கிறாள். எங்கள் பால்கனிக்கு அலுமினியச் சறுக்குக் கதவு. வேகமாக இழுத்தால் கொண்டி தானாக விழுந்துவிடும். அன்று விழுந்துவிட்டது. போன் உள்ளே. எங்கள் பகுதியில் டிசம்பர் ராத்திரி எப்படிக் குளிரும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தட்டியிருக்கிறாள், கூப்பிட்டிருக்கிறாள். பக்கத்து அறையில் இரண்டு காதையும் மூடிக்கொண்டு 12-12இல் உட்கார்ந்திருந்தேன். மேட்ச் முடிந்து தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் ஹாலில் பால்கனிக் கதவின் கண்ணாடியைப் பார்த்தேன். ஈரத்துணி பிழிந்த கையால் தட்டியதால் கண்ணாடி முழுக்க ஐந்து விரலும் பதிந்த தடங்கள். கீழே இருந்தவை காய்ந்து வெளுத்துப் போயிருந்தன, மேலே இருந்தவையில் இன்னும் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, காயப்போட்ட என் சட்டையையே எடுத்துத் தோளில் போட்டிருந்தாள். கொண்டியை எடுத்தேன். இருபத்தைந்து நிமிடமாவது ஆகியிருக்கும். திட்டவில்லை, அழவில்லை. "மேட்ச் முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பி.சி.யின் ஒயரை எல்லாம் பிடுங்கி லாஃப்ட்டில் ஏற்றினேன். "இனிமே ஆடல" என்றேன். நாலு மாதம் தொடவில்லை. அந்த நாலு மாதமும் என்ன செய்தேன் தெரியுமா? சோபாவில் படுத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணிவரை போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தேன். நண்பர்களோடு பேச்சு நின்றது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்தது. ஒருநாள் அவளே சொன்னாள்: "நீங்க ஆடினப்பவும் இங்க இல்ல, ஆடாதப்பவும் இங்க இல்ல. அதுக்கு ஆடிட்டே இருங்க. எத்தனை மணிக்கு முடியும்னு மட்டும் பொய் சொல்லாதீங்க."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிமிடக் கணக்கு கிடையாது, மேட்ச் கணக்குதான். செவ்வாய், வெள்ளி ராத்திரி பத்தரைக்கு மேல் இரண்டு மேட்ச். உட்காரும் முன்னால் அவளுக்கு ஏதாவது வேண்டுமா, கதவு பூட்டியாச்சா, நாளைக்குத் தண்ணி கேன் சொல்லியாச்சா எல்லாம் பார்த்துவிடுவேன். ஒரு காது எப்போதும் திறந்திருக்கும். அவள் உள்ளே எட்டிப் பார்த்து "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்பாள். "11-4" என்றால் நின்று பேசிக்கொண்டிருப்பாள். "6-6" என்றால் போய்ப் படுத்துவிடுவாள். வேலொரன்டை அவள் ஒருநாளும் ஆடியதில்லை, ஆனால் அந்தக் கணக்கு அவளுக்கு இப்போது அத்துப்படி. மற்ற நாட்களில் நிறுத்தி வைக்கக்கூடிய கேம் மட்டும்தான். 2021 நவம்பரில் மகள் பிறந்தபோது ஒரு வருடம் ரேங்க் மேட்ச்சையே விட்டேன். அதை யாரும் கேட்கவில்லை. தொட்டிலை ஆட்டுகிறவன் ஐம்பது நிமிட வாக்கு யாருக்கும் கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

சேர்ந்து ஆடியதையும் சொல்லிவிடுகிறேன். 2023இல் ‘இட் டேக்ஸ் டூ’ வாங்கினேன். 2021 மார்ச்சில் வந்தது, இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாது. விவாகரத்துக்குத் தயாராகும் கணவன் மனைவி இரண்டு பொம்மைகளாக மாறிப்போகிறார்கள். முதல் கட்டத்தில் அவனிடம் ஆணி, அவளிடம் சுத்தியல். அவன் சுவரில் ஆணி எறிந்தால்தான் அவள் அதில் தொங்கித் தாண்ட முடியும். கன்ட்ரோலரில் இடது குச்சி நடக்க, வலது குச்சி பார்க்க. நமக்குக் கை தானாகப் போகும், முதல்முறை பிடிப்பவருக்கு அது மலை. என் மனைவி முதல் இரண்டு நாள் கேமுக்குள் தரையையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒருமுறை கன்ட்ரோலரை அவள் கையிலிருந்து வாங்கி "இப்படி" என்று காட்டினேன். தப்பு. அதற்குப் பிறகு வாங்கவில்லை, எவ்வளவு நேரம் ஆனாலும் ஆணியை எறிந்துவிட்டுக் காத்திருந்தேன்.

அதில் ஓர் இடம் உண்டு. மகள் அழுதால் சாபம் விலகும் என்று நம்பி, அவளுக்குப் பிடித்த யானை பொம்மையை அப்பாவும் அம்மாவும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போய் நாசம் செய்ய வேண்டும். அந்த யானை கெஞ்சும். நாம்தான் பட்டனை அழுத்தி இழுக்க வேண்டும், வேறு வழி கிடையாது. என் மனைவி கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டாள். உள்ளே எங்கள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளிடமும் பாட்டி வாங்கிக் கொடுத்த துணி யானை ஒன்று இருக்கிறது. "இவங்க ரெண்டு பேரும் தங்களுக்குள்ள பேசிக்கவே இல்ல பாருங்க, நேரா குழந்தைகிட்ட போறாங்க" என்றாள். அன்று மேற்கொண்டு ஆடவில்லை. பால்கனி ராத்திரியைப் பற்றி அவள் முதல்முறையாக வாய் திறந்தது அன்றைக்குத்தான். இரண்டரை வருடம் கழித்து.

உங்கள் வீட்டில் எப்படி என்று எழுதுங்கள்.

ஹலசூரு அக்கா:

தம்பி, உங்க வீட்டுல பேசித் தீர்ந்துச்சு. எல்லா வீட்டுலயும் அப்படித் தீராது, அதனால எழுதுறேன். என் வீட்டுக்காரர் போன்ல பப்ஜி. ராத்திரி மூணு மணி, நாலு மணி. காலைல ஆபீசுக்கு லீவு சொல்லிட்டுத் தூங்குவார். ஊர்ல என் மாமியார் "ஆன்லைன் கேம்"னு கேட்டதுமே ரம்மின்னு நினைச்சு பயந்துட்டாங்க. தமிழ்நாட்டுல ரம்மில காசு விட்டு உசுர விட்டவங்க கதை எத்தனை கேட்டிருக்கோம், அப்புறம் 2022ல அவசரச் சட்டமே போட்டாங்களே, அந்த பயம். காசு போகலன்னு சொல்லிப் புரியவெக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. ஆனா போனது என்னன்னு எனக்குத்தானே தெரியும்.

2020 செப்டம்பர்ல அதைத் தடை பண்ணாங்க, அக்டோபர் 30 அன்னிக்கு சர்வரே நின்னுச்சு. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சேன். ரெண்டே வாரம், வேற கேம் வந்துடுச்சு கையில. அப்பத்தான் எனக்கு உறைச்சது, இது கேம் பேருல இல்லன்னு.

நம்ம ஊர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில இதுக்குன்னே ‘ஷட்’னு ஒரு கிளினிக் 2014ல இருந்து இருக்கு. போன், கேம், நெட் இதெல்லாம் அளவு மீறிப் போனவங்களுக்கு. கூட்டிட்டுப் போக எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. "என்னைப் பைத்தியம்னு சொல்றியா"ன்னு ஒரே சண்டை. அங்க யாரும் போனைப் பிடுங்கல. எத்தனை மணிக்குத் தூங்குறீங்க, எப்ப இருந்து இப்படி, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னுதான் கேட்டாங்க. அவரோட அப்பா போனது அதுக்கு நாலு மாசம் முன்னாடி. நான் அதையும் இதையும் ஒருநாளும் சேத்துப் பாக்கல. எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு.

உலக சுகாதார நிறுவனம் இதை ஒரு நோயாவே சேத்திருக்கு, 2022 ஜனவரில இருந்து நடைமுறை. அதிக நேரம் ஆடுறவங்க எல்லாருக்கும் அந்தப் பேர் கிடையாது. கட்டுப்பாடு கையைவிட்டுப் போகணும், மத்த எல்லாத்தையும் விட கேம் பெருசாகணும், கெடுதல் வந்தும் நிறுத்த முடியாம இருக்கணும், பொதுவா ஒரு வருஷமாவது அப்படியே தொடரணும். இந்தத் தம்பி மனைவிக்கு "எத்தனை மணிக்கு முடியும்"னு கேட்டா பதில் கிடைச்சுது. எனக்கு அந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்கல. அப்படி ஒரு வீட்டுல இருக்கறவங்க இதைப் படிச்சா, டைம் டேபிள் போட்டுப் பாத்து உங்களையே நொந்துக்காதீங்க. ஹோசூர் ரோடு பக்கம்தான் ஆஸ்பத்திரி.

அவர் இப்பவும் ஆடுறார், ஞாயித்துக்கிழமை மட்டும். பதினோரு மணிக்குத் தூங்கிடறார்.

மல்லேஸ்வரம் மதுரைக்காரி:

இப்படிப் பேச்சு எடுத்தாலே ஆடுறது புருஷன், காத்திருக்கறது பொண்டாட்டி. எங்க வீட்டில ஆடுறது நான். எனக்கு பத்தரை மணி, பதினொரு மணின்னு யாரும் ஒதுக்கித் தரல. பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு மாவு எடுத்து வெளிய வெச்சு, பையன் ஸ்கூல் பேக் பார்த்த பிறகு மிச்சமிருக்கறதுதான் என் நேரம். அதனால நான் தேர்ந்தெடுத்ததும் அதுக்குத் தக்க மாதிரி: ஸ்டார்ட்யூ வேலி. 2016ல வந்தது, எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல உட்கார்ந்து செஞ்சது. தாத்தா விட்டுப்போன நிலத்துல விவசாயம் பார்க்கணும். அதுல ஒரு நாள் நம்ம கணக்குல ஏறக்குறைய 14 நிமிஷம். கேமுக்குள்ள படுத்துத் தூங்கினாத்தான் சேவ் ஆகும். "ரெண்டு நாள் ஓட்டிட்டு வரேன்"னு என் கணவர்கிட்ட சொல்லுவேன், அரை மணி நேரம்னு அவருக்குத் தெரியும். அந்த நேரத்துல பையன் எழுந்தா அவர்தான் பார்க்கணும். இதைக் கேட்டு வாங்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு. கேட்கவே கூச்சம். "பொம்பளப் புள்ள என்ன வீடியோ கேம்"னு வெளிய இருந்து யாரும் சொல்லல, எனக்குள்ளயேதான் அந்தக் குரல் இருந்துச்சு.

போன வருஷம் அத்தை உசிலம்பட்டியில இருந்து வந்து ரெண்டு மாசம் தங்கினாங்க. முதல் வாரம் ஒளிச்சு வெச்சு ஆடினேன். ஒருநாள் பின்னாடி நின்னு பார்த்துட்டாங்க. "அது என்ன செடி?" "கத்தரி, அத்தை." "எத்தனை நாள்ல காய்க்குது?" "அஞ்சு நாள்ல." அத்தை என் பக்கத்துல உட்கார்ந்து, "நாத்து நட்டு ரெண்டு மாசமாவது ஆகுமேடி, அஞ்சு நாள்லயா"ன்னு அந்தத் திரையை ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தாங்க. கிணறு வத்தி நிலத்தை வித்த வருஷத்தைப் பத்தி அன்னிக்குத்தான் எங்கிட்டச் சொன்னாங்க. ஊருக்குப் போன பிறகும் போன்ல கேட்கறாங்க, தோட்டம் எப்படி இருக்குன்னு.

சேலத்துக்காரன்:

அக்கா, அப்பா போனதையும் அதையும் சேர்த்துப் பார்க்கவில்லை என்று எழுதியதை இரண்டு தடவை படித்தேன். என் ஸ்குவாடில் ஒருவன் இப்போது தினமும் விடியும்வரை ஆன்லைனில் இருக்கிறான். ஆடக் கூப்பிட மட்டும்தான் அவனுக்கு போன் செய்வேன். நாளைக்கு சும்மா பேசப் போகிறேன்.

இதையெல்லாம் மனைவியிடம் காட்டினேன். முழுவதும் படித்தாள். இருபத்தைந்து நிமிடம் இல்லையாம், நாற்பது. எதிர் பிளாக்கில் ஒவ்வொரு வீடாக விளக்கு அணைந்ததை எண்ணிக்கொண்டிருந்தாளாம். திருத்தி எழுதச் சொன்னாள்.