கும்பகோணம் வீட்டை விற்கும் முன் பெயின்ட், டைல்ஸ் செலவு தேவையா? உதவுங்கள்

காவிரிக்கரை:
வணக்கம். அப்பா 1979இல் மனை வாங்கிக் கட்டிய மாடி வீடு கும்பகோணத்தில் இருக்கிறது. அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மா என்னுடன் சென்னையில், தம்பி சிங்கப்பூரில், தங்கை கோவையில். எல்லோரும் பேசி, விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

பின் அறைச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, பூச்சு உதிர்கிறது. மழை வந்தால் கூடத்து மூலையிலும் ஈரம். பட்டி பார்த்து பெயின்ட் அடித்து டைல்ஸ் போட்டால் விலை ஏறும் என்கிறார் தரகர். நான்கு லட்சம் வரை ஆகும்போல. எதிலிருந்து தொடங்குவது?

கொத்துவேலை:
டைல்ஸ் வேண்டாம். வாங்குபவர் தனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்வார். கூடத்து மூலை ஈரம் மேலிருந்து வருவது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா, தட்டோட்டின் (மாடித் தளத்தில் பதித்த ஓடு) இடுக்குகள் பிளந்திருக்கின்றனவா, தண்ணீர் ஓட வாட்டம் (சரிவு) சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் இதை முடித்துவிட வேண்டும்.

பின் அறை ஓதம் தரையிலிருந்து ஏறுவது. அதன்மேல் பட்டியும் பெயின்டும் அடித்தால் கொஞ்ச நாளில் கொப்பளித்து உரியும். உப்புப் பூத்த பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும். சுவரை ஒட்டித் தண்ணீர் தேங்குகிறதா, அருகில் குளியலறைக் குழாய் ஒழுகுகிறதா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

பத்திரத்துணை:
கொத்துவேலை நண்பர் சொன்னது சரி. ஆனால் விற்பனை நின்றுபோவது பெரும்பாலும் காகிதத்தால்தான். பட்டா யார் பெயரில் இருக்கிறது?

காவிரிக்கரை:
இணையத்தில் பார்த்தேன். அப்பாவுக்கு விற்றவரின் பெயரே இன்னும் இருக்கிறது! மின் இணைப்பும் வீட்டு வரியும் அப்பா பெயரில்.

பத்திரத்துணை:
அப்படியானால் தொடக்கம் அதுதான். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. அப்பா இறந்தபோது உங்கள் பாட்டி (அப்பாவின் தாயார்) உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. தங்கை திருமணமாகிப் போயிருந்தாலும் அவர் பங்கு எங்கும் போகாது, கையெழுத்து கட்டாயம் வேண்டும்.

பிறகு மூலப்பத்திரம் (அப்பா வாங்கிய பத்திரம்), வில்லங்கச் சான்று (சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டுவது), வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை வைத்துப் பட்டா மாறுதல் கேளுங்கள். நகர்ப்பகுதி என்பதால் வார்டு, பிளாக், நகர நில அளவை எண் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். பத்திரத்தில் உள்ள அளவும் நிலத்தில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா என்று சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். வங்கிக் கடனில் வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

தம்பி வர முடியாவிட்டால், சிங்கப்பூர் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குத் தரும் பவர்) அனுப்பலாம். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

காவிரிக்கரை:
வரி எப்படி?

பத்திரத்துணை:
முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, இரண்டும் வழக்கமாக வாங்குபவர் செலவு. உங்களுக்கு மூலதன ஆதாய வரி (விற்பனை லாபத்தின் மீதான வரி) வரும். 2001க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி வையுங்கள். தம்பி வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அவர் பங்குக்கான தொகையில் வாங்குபவர் கூடுதலாக வரி பிடிக்க வேண்டியிருக்கும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்.

கொத்துவேலை:
இன்னொன்று. ஓதத்தை மறைக்காமல், என்ன வேலை செய்தீர்கள் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். பழைய வீட்டில் ஓதம் இருப்பது எல்லோருக்கும் தெரியும், மறைத்தால்தான் நம்பிக்கை போகும்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி. தரகரிடம் டைல்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாடித் தளத்துக்கு மேஸ்திரியை வரச் சொல்லியிருக்கிறேன், வாரிசுச் சான்றிதழுக்கு அம்மாவின் ஆதாரும் அப்பாவின் இறப்புச் சான்றும் எடுத்து வைத்தாயிற்று. பட்டா கைக்கு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.