முறுக்கினா உடனே எடுக்காத வெஸ்பா: காபரேட்டரையே மாத்தணுமா?

லிந்தாங் ரோடு டீச்சர்:
வணக்கம். அப்பாவோட பழைய வெஸ்பா பிஎக்ஸ் 150. சுங்கை சிப்புட்ல இருந்து தோட்டத்துப் பள்ளிக்கு அதுலதான் போய் வர்றேன். பள்ளி விடுமுறையில ஓட்டாம நிறுத்தி வெச்சிருந்தோம். எடுத்ததுல இருந்து ஒரே தொல்லை. உதைச்சதும் ஸ்டார்ட் ஆகுது, நின்ன இடத்துல ஓடுது. ஆனா முதல் கியர் போட்டு முறுக்கினா திணறி, அமுங்கி, அப்புறம்தான் கிளம்புது. பாதிக்கு மேல முறுக்கிட்டா நல்லா ஓடுது. செம்பனை லோரி வர்ற முச்சந்தியில குறுக்கே எடுக்கப் பயமா இருக்கு.

ஒரு மோட்டார் கடையில காட்டினேன். திறந்துகூடப் பார்க்காம "காபரேட்டர் போச்சு, புதுசு போட்டுடலாம்"னாங்க. பிளக் புதுசு. பெட்ரோல் ரோன்95, லிட்டருக்கு 20 மில்லி டூ-டி (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெய்) கலந்துதான் ஊத்துறோம். வேற எதைப் பார்க்கலாம்?

பசார் பையன்:
புகைக்குழாய் கரி பிடிச்சிருக்கும் டீச்சர். டூ-ஸ்ட்ரோக்ல அது சகஜம்.

ஆலை பிட்டர்:
தங்கச்சி, கடைக்கு இப்போ காசு கொடுத்துடாதீங்க. செம்பனை ஆலையில பிட்டரா இருந்த காலத்துல இருந்து இந்த எஞ்சினைக் கழட்டிப் பூட்டறவன் நான். பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கற அந்த டெல்லோர்ட்டோ காபரேட்டர் லேசுல கெட்டுப்போற சாமான் இல்ல. அடைச்சுக்கும், அவ்வளவுதான்.

தம்பி சொல்ற கரி அடைப்பு இருந்தா நாலாவது கியர்ல வேகம் ஏறாது. உங்களுக்குத் தொடக்கத்துல திணறி, பிறகு தெளியுது. காபரேட்டருக்குள்ள பெட்ரோலை அளந்து விடற, சின்ன ஓட்டை போட்ட பித்தளைத் துண்டுதான் ஜெட். தொடக்கத்துக்குப் பெட்ரோல் கொடுக்கறது ஸ்லோ ஜெட்; மேல போகப் போக மெயின் ஜெட். அதனால என் சந்தேகம் ஸ்லோ ஜெட் மேலதான்.

இதை உறுதி பண்ண ஸ்பானரே வேண்டாம். எஞ்சின் நல்லா சூடானதும், ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ப்பாதையில மெதுவா போங்க. திணறல் வர்ற அதே முறுக்குல சோக்கைக் கொஞ்சம் இழுங்க; இழுத்தா பெட்ரோல் கூடுதலா போகும். வண்டி தெளிஞ்சா பெட்ரோல் பத்தல. இன்னும் மோசமானா பெட்ரோல் அதிகம். அப்போ காத்து வடிகட்டியையும், காபரேட்டருக்குள்ள பெட்ரோல் வரத்தை நிறுத்தற மிதவை ஊசியையும் பார்க்கணும்.

இன்னொண்ணு. முறுக்கை விட்டதும் எஞ்சின் சத்தம் உடனே இறங்குதா? இறங்காம மேலேயே நின்னா எங்கேயோ காத்து உறிஞ்சுது. காபரேட்டருக்கு அடியில கேஸ்கெட்டா இருக்கலாம், மேக்னெட் பக்கத்து சீலா இருக்கலாம். அது பெரிய வேலை.

பெட்ரோல் பத்தாத வண்டியை விரட்டி ஓட்டாதீங்க. டூ-டி பெட்ரோலோடதானே போகுது? பெட்ரோல் குறைஞ்சா பிஸ்டனுக்குப் போற டூ-டியும் குறையும், ஒருநாள் ஓடும்போதே ஜாம் ஆயிடும்.

லிந்தாங் ரோடு டீச்சர்:
அண்ணே, சோக் இழுத்ததும் சட்டுனு தெளிஞ்சுது! முறுக்கை விட்டா சத்தமும் உடனே இறங்குது. வலது பக்க மூடியைக் கழட்டி, காத்து வடிகட்டியை எடுத்துட்டுப் பார்த்தோம். மெல்லிசா இருந்த ஸ்லோ ஜெட்டைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சா ஓட்டை பாதிக்கு மேல அடைச்சிருக்கு. பெட்ரோல் குழாய் சேர்ற இடத்துல ஒரு சின்ன வலை. அதுல செம்மண் மாதிரி தூள். ஊசியால குத்தி எடுக்கலாமான்னு அப்பா கேட்கிறார்.

ஆலை பிட்டர்:
ஊசி வேண்டவே வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க. ஜெட் பித்தளை. ஓட்டை மயிரிழை பெருசானாலும் பெட்ரோல் அளவு மாறிடும், அப்புறம் ஜெட்டையே மாத்தணும். காபரேட்டர் கிளீனர்ல ஊற வெச்சு, டயர் கடையில காத்து அடிச்சு வாங்குங்க. வெளிச்சத்துல பார்த்தா ஓட்டை சுத்தமான வட்டமா தெரியணும்.

அந்தத் தூள் டேங்குக்குள்ள இருக்கற துரு. டேங்கை இறக்கி அலசி, பெட்ரோல் டேப்போட வடிகட்டியையும் கழுவலைன்னா ஜெட் திரும்ப அடைச்சுக்கும். அப்பா காலத்து காபரேட்டரை அப்படியே வெச்சுக்கலாம், அதுல ஒரு குத்தமும் இல்ல.

காபரேட்டரை இறக்கினீங்கன்னா, திரும்பப் பூட்டும்போது அந்த ரெண்டு நட்டையும் பலம் கொண்டு இறுக்காதீங்க. காபரேட்டர் உடம்பு வளைஞ்சு, முறுக்கினா திறக்கற ஸ்லைடு உள்ளே சிக்கும்; முறுக்கினது திரும்பாது. இது ஆபத்து, அப்பா பக்கத்துல இருந்து பார்க்கட்டும். காபரேட்டர் பின்பக்க ரப்பர் மூடிக்குள்ள இருக்கற கலவை ஸ்குருவை மெதுவா முழுசா மூடி, ஒண்ணரைச் சுத்து திறங்க. எஞ்சின் சூடானதும், எங்கே சீரா ஓடி, முறுக்கினா சட்டுனு எடுக்குதோ அங்கே விடுங்க. டேங்க் மூடியில காத்துத் துளை அடைச்சிருக்கான்னும் அப்படியே பார்த்துடுங்க.