புதுப்பிப்பு: விற்கிற விறகை எத்தனை அடியில் அறுப்பது?

காற்றுக்குச் சாய்ந்த வேம்பையும் புளியையும் விற்க எந்த நீளத்தில் துண்டு போடலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "அறுக்க முதல் வாங்குகிறவரின் அடுப்பை அளந்து பாரும்" என்று ஒரு அண்ணை எழுதியதுதான் கைகொடுத்தது. மாங்குளத்துப் பக்கம் நான் கொடுத்த வீடுகளில் அடுப்பு சின்னது, ஒன்றரை அடிக்கு மேல் போனால் விறகு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதனால் மணிக்கட்டுத் தடிப்பில் பிளந்த குட்டைத் துண்டைத்தான் விரும்பி எடுத்தார்கள். பேக்கரிப் போறணைக்கு மூன்றடி. எதிர்பாராதது புளிதான்: காய்ந்த கட்டையில் கோடரி துள்ளித் தெறித்தது, பச்சையாக இருந்ததோ ஆப்பு வைத்ததும் பிரிந்தது. குட்டைத் துண்டுகள் கெதியாய்க் காய்ந்தும்விட்டன, ஈரம் வெட்டுமுகத்தால்தானே அதிகம் போகிறது. காய்ந்ததற்கு அடையாளமாய் வெட்டுமுகத்தில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விழுந்த பிறகுதான் விற்க ஏற்றினேன்.