புதுப்பிப்பு: அம்மாவின் சிகிச்சை ஆவணங்கள் கிடைத்துவிட்டன

அம்மாவின் அறுவை சிகிச்சை ஆவணங்களை மருத்துவமனை தர மறுக்கிறது, கேட்க எங்களுக்கு உரிமை உண்டா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஆம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தந்தாக வேண்டும். அதைக் குறிப்பிட்டு அம்மாவின் கையொப்பத்துடன் மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் கோப்பு கைக்கு வந்தது.

ஒப்புதல் படிவத்தைப் பார்த்ததும்தான் மனம் கனத்தது. அம்மா முழு நினைவோடு இருந்தபோதே, அதில் அண்ணனின் அவசரக் கையொப்பம் மட்டுமே இருக்கிறது; அபாயங்கள், மாற்றுச் சிகிச்சைகள் என்ற கட்டங்கள் வெறுமையாக உள்ளன. (அண்ணனைக் குறை சொல்லமாட்டேன், நீட்டிய இடத்தில் யாரும் கையெழுத்திட்டிருப்போம்.) பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் கருப்பையை அவருடைய தாயின் ஒப்புதலோடு அகற்றிய வழக்கில், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் வயதுவந்த நோயாளிக்காக வேறொருவர் தரும் ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்திருக்கிறது.

நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் இருப்பதால், முதலில் வேறொரு அறுவை சிகிச்சை நிபுணரிடம் கோப்பைக் காட்டப்போகிறோம்.